பின் ஸீட்டில் ஒரு பை



இந்த முறை மழைக்காலத்தில் வற்றல், வடகம் பூஞ்சை பிடிக்காமல் காப்பதைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அது அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் கண்ணாடி உடைந்த கதை. "கார் சமாசாரமெல்லாம் ஆண்கள் பாடு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உடைந்தது என்னவோ காரின் கண்ணாடிதான். ஆனால் அதைக் கூட்டிப் பெருக்கியதும், கடைசியில் அதன் ஒரு சில்லால் குலை நடுங்கிப் போனதும் நானும் என் பெண்ணும்தான்.

என் பெண் குழந்தையோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். பேத்திக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வேண்டிய சமயம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு கபாலீஸ்வரரையும் கற்பகாம்பாளையும் பார்க்காமல் எப்படித் திரும்புவது? மாட வீதியில் இடம் கிடைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு சின்னத் தெருவில் காரை நிறுத்தினார் என் வீட்டுக்காரர்.

பெண் இறங்கும்போது குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான்தான், "வச்சுட்டு வாடி. நாப்கினும் பால் பாட்டிலும்தானே? எவன் எடுக்கப் போறான்? இடுப்பில குழந்தை, தோளில பை, கூட்டத்தில எப்படி நடப்பே?" என்றேன். இவர் அதற்குள் நாலடி முன்னால் போய்விட்டார். பை பின் ஸீட்டிலேயே இருந்தது.

அரை மணி நேரம்தான் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் இடது பக்கப் பின் கதவில் கண்ணாடியே இல்லை! ஸீட் முழுக்கக் கல்கண்டைக் கொட்டினாற்போல் கண்ணாடித் துண்டுகள். பையைக் காணவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "வண்டியில பை வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! ஒரு குழந்தைக்குத் தாயாகியும் இந்த அறிவு வரலியே உனக்கு?" என்று பெண்ணைப் பார்த்துக் கத்தினார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் குழந்தையை வாங்கிக்கொள்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். "நான்தான் வைக்கச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் பதற்றத்தில் ஸீட்டில் கிடந்ததைக் கையால் தள்ளப் போனேன். எதிரில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவர், "அம்மா, எதையும் தொடாதீங்க. முதல்ல போட்டோ எடுங்க" என்று தடுத்தார். நல்ல காலம். உடைந்த ஜன்னல், ஸீட், வண்டியின் நம்பர் பலகை, நின்ற தெரு எல்லாம் தெரியும்படி ஏழெட்டுப் படம் எடுத்தோம். பிறகு பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தோம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வழக்காகப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகவே தர வேண்டும். 'போனது நாப்கின்தானே, புகார் எதற்கு?' என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு இன்ஷ்யூரன்ஸ் கேட்டாலும் சரி, போன காகிதத்துக்கு நகல் வாங்கினாலும் சரி, அந்த ரசீது வேண்டியிருக்கும்.

உடைந்த கண்ணாடி பக்கத்தில் குழந்தையை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. நானும் பெண்ணும் குழந்தையும் ஆட்டோவில் ஏறினோம். இவர் காரை மெள்ள ஓட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ கொஞ்ச தூரம் போயிருக்கும். பெண் என் கையை இறுகப் பிடித்தாள். "அம்மா! பையோட ஸைடு பாக்கெட்ல வீட்டுச் சாவி!"

எனக்குப் பகீரென்றது. போக வர இருக்கட்டுமே என்று நான் கொடுத்திருந்த மாற்றுச் சாவி அது. அதே பையில் குழந்தையின் தடுப்பூசி அட்டை. அட்டையில் எங்கள் வீட்டு விலாசம்! சாவியும் விலாசமும் சேர்ந்து போனால் என்ன அர்த்தம்? பக்கத்து வீட்டு மாமிக்குப் போன் போட்டு, நாங்கள் வரும்வரை எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும்படி கெஞ்சினேன். அன்று ராத்திரியே ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினோம். தொள்ளாயிரம் ரூபாய். கண்ணாடியைவிட முதலில் அவசரம் அதுதான்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இவர் பார்ஸல் ஒட்டும் பழுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதைப் பெயிண்டின் மேல் ஒட்டினால் பிசின் விடாப்பிடியாக நின்றுவிடும். மெத்தை வாங்கும்போது சுற்றி வந்த தடித்த பாலிதீன் பரணில் இருந்தது. கதவைத் திறந்து, ஜன்னல் சட்டத்தின் மேல் அதை வெளிப்பக்கமாகப் போர்த்தி, ஓரங்களை உள்பக்கம் மடித்து, அங்கே மட்டும் டேப் போட்டோம். பிறகு கதவைச் சாத்தினால் பாலிதீன் சட்டத்துக்கு நடுவில் இறுகிப் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் இது வீட்டோடு நிற்கிற வண்டிக்குத்தான். பாலிதீன் கட்டிய வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது. பக்கத்தில் வருவதும் சரியாகத் தெரியாது. அந்த ஜன்னலின் ஸ்விட்சையும் அமுக்கக் கூடாது. உள்ளே விழுந்திருக்கும் துண்டுகள் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும்.

மறுநாள் இன்ஷ்யூரன்ஸ் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். மளிகைக் கணக்குப் போடுகிற நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. 'மூன்றாம் நபர்' பாலிசி மட்டும் இருந்தால் நம் வண்டிக் கண்ணாடிக்கு ஒரு பைசா கிடைக்காது. முழுப் பாதுகாப்புப் பாலிசி இருந்தால் கிடைக்கும். மற்ற பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நாம் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை என்று ஒன்று உண்டு. 1,500 ஸி.ஸி. வரையுள்ள கார்களுக்கு அது சாதாரணமாக 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

அதைவிட முக்கியம், க்ளெய்ம் கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் சலுகை. முதல் வருஷத்துக்கு 20 சதவிகிதம், அப்புறம் 25, 35, 45, ஐந்து வருஷமானால் 50 என்று பிரீமியத்தில் குறையும். மூன்றாம் நபர் பகுதிக்கு இது இல்லை, நம் வண்டிச் சேதத்துக்கான பகுதியில் மட்டும்தான். ஒரே ஒரு க்ளெய்ம் கேட்டாலும், அந்தச் சலுகையைக் காப்பாற்றத் தனியாகப் பணம் கட்டியிருந்தாலொழிய, எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

எங்கள் கணக்கு இப்படி. சேதப் பகுதிக்குப் பிரீமியம் சலுகை இல்லாமல் 6,000 ரூபாய். க்ளெய்ம் கேட்காவிட்டால் அடுத்த வருஷம் 45 சதவிகிதம் குறைந்து 3,300. கேட்டால் முழு 6,000. அதாவது 2,700 ரூபாய் நஷ்டம். கண்ணாடிக்கும் கூலிக்கும் ஆகக்கூடியது 2,150. அதில் 1,000 போனால் கையில் வருவது 1,150! 'கேட்க வேண்டாம்' என்று முடிவு செய்தோம். விலை உயர்ந்த வண்டியாக இருந்து, கண்ணாடியே பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்றால் கணக்கு மாறும். அப்போது முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்த பிறகே கண்ணாடியை மாற்ற வேண்டும். வண்டிக்குள் இருந்த பை, துணிமணி, லாப்டாப் போன்றவை சாதாரண மோட்டார் பாலிசியில் வராது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை இவரோடு நானும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சென்னையில் கார் சாமான்களுக்குப் பேர் போன தெரு அல்லவா? கண்ணாடியில் இத்தனை விஷயம் இருக்கிறதென்று அங்கேதான் புரிந்தது. முன்பக்கக் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அடிபட்டால் விரிசல் விடும், ஆனால் கொட்டாது. சின்னப் புள்ளியாக இருந்தால் அடைக்கவும் முடியும். பக்கத்துக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியில்லை. நன்றாகச் சூடேற்றி, திடீரென்று காற்றடித்துக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்தியவை. எளிதில் உடையாது. உடைந்தால் ஒரே நொடியில் முழுக்கப் பொடிப்பொடியாகிவிடும். கத்தி போன்ற பெரிய சில்லு நம்மைக் குத்தக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே இதை ஒட்டவோ ரிப்பேர் செய்யவோ வழியில்லை, முழுக் கண்ணாடிதான் மாற்ற வேண்டும்.

கடையில் வண்டியின் மாடல், வருஷம், இடதா வலதா, முன் கதவா பின் கதவா என்று எல்லாம் கேட்டார்கள். மற்ற ஜன்னல்களின் இலேசான பச்சை நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். புடவைக்கு ரவிக்கைத் துணி பார்க்கிற கண் அதற்கும் உதவியது! கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "அப்படியே கறுப்பு ஃபிலிமும் ஒட்டிடலாமா, உள்ளே இருக்கிறது தெரியாது" என்றார் கடைக்காரர். வேண்டாமென்று சொல்லிவிட்டோம். கறுப்பு ஃபிலிமை 2012-ல் சுப்ரீம் கோர்ட் தடை செய்தது. பக்கத்து ஜன்னல்கள் 50 சதவிகிதமாவது, முன், பின் கண்ணாடிகள் 70 சதவிகிதமாவது வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. கண்ணாடி 1,650 ரூபாய் ஆயிற்று.

மாட்டிக் கொடுத்தவர் வயதான ஒரு பாய். நான் அவசரத்தில், "பாய், சட்டுனு மாட்டிக் குடுத்துடுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாட்டுறது பத்து நிமிஷ வேலைம்மா. உள்ளே இருக்கிறதை எடுக்கிறதுதான் வேலை" என்றார்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள். அதை மெதுவாகப் பிரித்தார். உள்ளே கதவின் அடிவயிற்றில் இரண்டு கைப்பிடி கண்ணாடித் துண்டு! வாக்குவம் குழாயை விட்டு உறிஞ்சினார். கதவின் அடியில் மழைநீர் வடிய இருக்கும் சின்னத் துளைகளை எனக்குக் காட்டினார். துண்டுகள் அதை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று கதவு துருப்பிடிக்குமாம். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்தில் ஒரு துணுக்கு இருந்தாலும் புதுக் கண்ணாடியில் கோடு விழுமாம். அதையும் பிரஷ்ஷால் தள்ளினார். பிறகு கண்ணாடியை இறக்கி, ஏற்றி இறக்கும் இயந்திரத்தோடு முடுக்கி, மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, பழையபடி அந்தப் பிளாஸ்டிக் தாளை ஒட்டி அட்டையை மூடினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கூலி 500. மனசார இன்னும் ஐம்பது சேர்த்துக் கொடுத்தேன்.

'அப்பாடா, எல்லாம் முடிந்தது' என்று வீட்டுக்கு வந்தோம். எதுவும் முடியவில்லை, சகோதரிகளே.

அன்று காரின் பின் ஸீட்டில் பையோடு ஒரு கம்பளிப் போர்வையும் கிடந்தது. சம்பந்தியம்மாள் பேத்திக்காகத் தன் கையால் பின்னியது. திருடன் அதை விட்டுவிட்டுப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் அதை மொட்டை மாடியில் நாலு உதறு உதறிக் கொடியில் போட்டிருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம், லேசாகக் குளிருகிறதே என்று கூடத்தில் அதை விரித்துக் குழந்தையை உட்கார வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

பால் பொங்குகிற நேரம். "அம்மா!" என்று ஒரு அலறல். ஓடி வந்தேன். பெண் குழந்தையின் வாயருகே கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிஞ்சு விரல் இரண்டுக்கும் நடுவே, பாசிப்பருப்பு அளவுக்கு, பளபளவென்று ஒரு கண்ணாடித் துண்டு.

ஒன்பது மாதக் குழந்தைக்கு அதுதானே பருவம்? தரையில் கிடக்கிற கடுகைக்கூடக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்து நேரே வாயில் போடும். இன்னும் ஒரு நொடி போயிருந்தால்... நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. வாயைத் திறந்து, நாக்கடி, ஈறு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. போர்வையை விளக்கடியில் பிரித்துப் பார்த்தால் பின்னலுக்குள் இன்னும் மூன்று துணுக்குகள் மாட்டிக்கொண்டிருந்தன.

பெண் குழந்தையைக் கட்டிக்கொண்டு விசும்பி அழுதாள். "எல்லாம் என்னாலதான். அந்தப் பையை நான் கையோட எடுத்துண்டு வந்திருக்கணும்" என்றாள். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இனிமேலும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவள் எடுத்துக்கொண்டுதான் இறங்கினாள். நான்தான் வைக்கச் சொன்னேன். போர்வையை உதறி விரித்ததும் நான்தான்" என்றேன்.

இவர் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு பெண்ணிடம் போய், "மூணு நாளா உன்னைக் கரிச்சுக் கொட்டினேனே, நீயாவது சொல்லக் கூடாதா கண்ணு?" என்றார்.

"அம்மாவே சொல்லட்டும்னு இருந்தேன்ப்பா" என்றாள் அவள்.

அதற்கு மேல் என்னைத் திட்டவே வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை போதும். நாம் பெற்ற பெண்ணுக்கும் ஒரு பங்கு நியாயம் செய்ய வேண்டும் என்பது நாற்பது வயதுக்கு மேல் எனக்கு ஒரு கண்ணாடித் துண்டு சொல்லித்தான் தெரிந்தது. போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சம்பந்தியம்மாளுக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். "போர்வை கிடக்கிறது, இன்னொன்று பின்னினால் ஆயிற்று" என்றார் அந்த நல்ல மனுஷி.

தடுப்பூசி அட்டையை நினைத்துத்தான் பெண் மிகவும் கவலைப்பட்டாள். டாக்டரிடம் பதிவேடு இருந்தது. அவரே பழைய தேதிகளைப் பார்த்துப் புது அட்டை எழுதிக் கொடுத்தார். இப்போது அதைப் போட்டோ எடுத்து எங்கள் மூன்று பேர் போனிலும் வைத்திருக்கிறோம்.

உங்களுக்கு உபயோகப்படும் என்று நான் கற்றுக்கொண்டதைத் தொகுத்துத் தருகிறேன்:

1. காரை நிறுத்தும்போது வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியக் கூடாது. காலிப் பைகூட வேண்டாம். உள்ளே தங்கமா நாப்கினா என்று உடைத்த பிறகுதான் திருடனுக்குத் தெரியும். டிக்கியில் வைப்பதானால் கிளம்புகிற இடத்திலேயே வைத்துவிடுங்கள். நிறுத்திய இடத்தில் பலர் பார்க்க வைக்க வேண்டாம்.

2. வீட்டுச் சாவியும் விலாசம் எழுதிய காகிதமும் ஒரே பையில் இருக்கவே கூடாது. வண்டியின் ஆர்.ஸி., லைசென்ஸ் போன்றவற்றை டிஜிலாக்கரில் காட்டினாலே சட்டப்படி போதும். அசலைக் காரில் வைக்க வேண்டியதில்லை.

3. திருட்டு நடந்தால் முதலில் தொடாமல் போட்டோ, அவசர உதவிக்கு 112, பிறகு எழுத்தில் புகார். பையில் பாங்க் கார்டு இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சாவி போயிருந்தால் அன்றைக்கே பூட்டை மாற்றுங்கள்.

4. கண்ணாடியைக் கூட்டும்போது காலில் செருப்பு, கையில் தடித்த கையுறை. குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. பெரிய துண்டுகளை முறத்தில் அள்ளிவிட்டு, வாக்குவம் கிளீனரால் ஸீட் இடுக்கு, மிதியடிக்கு அடியில், ஸீட் நகரும் தண்டவாளம், பெல்ட் மாட்டும் பூட்டு எல்லாவற்றிலும் உறிஞ்சுங்கள். பெல்ட்டை முழுக்க இழுத்து, அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. கண்ணுக்குத் தெரியாத பொடிக்கு நம் அடுக்களை வைத்தியம் ஒன்று உண்டு. சப்பாத்தி மாவைக் கொஞ்சம் தளரப் பிசைந்து, கையுறையோடு ஸீட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஈரப் பஞ்சும் உதவும். பிறகு இருட்டில் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பார்த்தால் மிச்சமிருப்பது மின்னும். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை செய்யுங்கள். வண்டி ஓடும் அதிர்வில் புதிதாகத் துணுக்குகள் வெளிவரும்.

6. கண்ணாடியையும், ஒற்றிய மாவையும் பழைய செய்தித்தாளில் கனமாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் குப்பைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். அவர் கையும் கைதானே?

7. காரில் கிடந்த கம்பளி, துண்டு, துணிப் பொம்மை எதையும் உதறிவிட்டோம் என்று நம்பிக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். போனால் போகிறது என்று எறிந்துவிடுங்கள்.

8. கண்ணில் துணுக்கு விழுந்தால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள். குத்திக்கொண்டு நிற்கும் துண்டை வீட்டில் பிடுங்க வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டதென்று சந்தேகம் வந்தாலே போதும், வாழைப்பழம் கொடுப்பது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் செய்யாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

9. கடைசியாக ஒன்று. நஷ்டம் வந்த நேரத்தில் யார் குற்றம் என்று தேடுவதை நாலு நாள் தள்ளிப்போடுங்கள். குற்றம் நம்முடையதென்றால் மட்டும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இப்போதெல்லாம் காரை விட்டு இறங்கும்போது இவர் வழக்கம்போல், "பை?" என்று கேட்கிறார். நான் தோளில் மாட்டிய பையைத் தட்டிக் காட்டுகிறேன்.